வாகைவிளைக் கழுதையை நட்டக்குத்தலாக நிறுத்திய கதை

வாகைவிளையில் புத்திசாலிகளே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் வேறு வேலை இருந்ததால்தான் வாகைவிளைக் கழுதைகள் நல அறக்கட்டளைக்கு ஆவுடைநாயகம் தலைவரானார்.

செங்கல் சூளைக்காரர்கள் மினி லாரி வாங்கியதும் தெருவில் விட்டுவிட்ட ஒன்பது கழுதைகளை வைத்துப் பராமரிப்பது அறக்கட்டளையின் வேலை. ஆவுடைநாயகம் வாடகைக்குப் பந்தல் போடுகிறவர். செயலாளர் சவரிமுத்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். விசிலை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் கழுத்திலேயே போட்டிருந்தார். பொருளாளர் பிரம்மசக்தி தையல்காரி. மூவருக்கும் கழுதைகள் மேல் உண்மையான பாசம் உண்டு. கழுதைகளுக்கு அவர்கள் மேல் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

ஐப்பசி பிறக்கிற சமயத்தில் ஒரு பேய்க்காற்று வந்து கழுதைக் கொட்டகையின் ஓலைக் கூரையை அப்படியே தூக்கிக் கொண்டுபோய்க் குளத்தில் போட்டது. மூங்கில் சட்டம் மட்டும் நின்றது. மழை எந்த நேரமும் பிடித்துக்கொள்ளும். ராணி என்ற கிழட்டுக் கழுதைக்கு அதற்குள் இருமல் வந்துவிட்டது. உடனே அறக்கட்டளை கூடியது. காற்றை வன்மையாகக் கண்டித்து ஒரு தீர்மானம் போட்டுவிட்டுக் காப்பி குடித்தார்கள்.

ஆவுடைநாயகத்தின் கொட்டடியில் தார்ப்பாய் மலைபோலக் குவிந்து கிடந்ததே என்று நீங்கள் கேட்கலாம். பிரம்மசக்தியும் கேட்டாள்.

"அது கல்யாணத்துக்குப் போடுத தார்ப்பாய்லா," என்றார் தலைவர். "கழுதைக்கு என்ன கல்யாணமா நடக்குது?"

அப்படி ஒரு பதிலுக்கு மேல் பேசக்கூடிய ஆட்கள் அந்த அறக்கட்டளையில் இல்லை.

கடைசியில் தலைவரின் தம்பி மகள் செண்பகவல்லிக்குப் போன் போட்டார்கள். அவள் சென்னையில் தொண்டு நிறுவனங்களுக்கு வீடியோ போட்டு உதவி திரட்டித் தருகிற ஒரு அலுவலகத்தில் இருந்தாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க பெரியப்பா," என்றாள். "எங்க பக்கத்துல போட்டுருதேன். பாக்குறவங்க யாராவது கூரை போட்டுத் தருவாங்க. ஒண்ணே ஒண்ணு, வீடியோ நட்டக்குத்தலா இருக்கணும். எல்லாரும் போன்லதான பாக்காங்க. அகலம் ஒன்பதுன்னா உயரம் பதினாறு. அந்தக் கணக்கு."

பிரம்மசக்தி இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். ராணியை மூக்கிலிருந்து வால்வரை அளந்தாள். குளம்பிலிருந்து காதுவரை அளந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணாச்சி, நீளம் கூடுதலா இருக்கு, உயரம் பத்தல. இந்தக் கழுதை சோசியல் மீடியாவுக்கு ஆகாது."

"மத்ததை அளந்து பாரு."

ஒன்பதையும் அளந்தாள். ஒன்றுகூட ஆகவில்லை. ஆண்டவன் கழுதையைப் படைத்தபோது சென்னை அலுவலகத்தோடு கலந்தாலோசிக்கவில்லை என்பது உறுதியானது.

சவரிமுத்து வெகுநேரம் யோசித்தார். "படுத்தவாக்குல இருக்கதுனாலதான நீளமாத் தெரியுது? தூக்கி நிறுத்துனா சரியாப் போயிரும்."

தலைவர் தோள்மேல் ராணியின் முன்னங்கால்கள் இரண்டையும் ஏற்றினார்கள். பிரம்மசக்தி பின்னால் நின்று வாலைத் தாங்கிப் பிடித்தாள். சவரிமுத்து போனைப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு, விசில் ஊதி, "ரைட்!" என்றார். விசில் சத்தத்துக்கு ராணி மிரண்டது. தலைவரின் காதை ஒரு கடி கடித்துவிட்டு அவர்மேலேயே உட்கார்ந்தது. அன்று முழுவதும் எடுத்த வீடியோவில் சேறும் தலைவரின் செருப்பும் மட்டும் தெளிவாக இருந்தன.

பார்த்துவிட்டு செண்பகவல்லி பதறிப்போய்க் கூப்பிட்டாள். "கழுதைய யாரு நிறுத்தச் சொன்னா? அது எப்பவும் போல நிக்கட்டும். போனை நட்டமா வைங்க பெரியப்பா!"

போனை வைத்ததும் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போனை நடச் சொல்லுதா," என்றார் சவரிமுத்து.

"எவ்வளவு ஆழத்துல?"

"அதை அவ சொல்லலியே. வாழைக்கு வெட்டுதாப்ல வெட்டுவோம்."

கொட்டகை வாசலில் குழி வெட்டிப் போனை நட்டார்கள். கேமரா இருக்கிற முனை மட்டும் மண்ணுக்கு மேல் தெரிந்தது. சுற்றி மண் அணைத்து மிதித்தார்கள். பிரம்மசக்தி ஒரு சொம்புத் தண்ணீரும் ஊற்றினாள்.

"ஏ பிள்ள, தண்ணி எதுக்கு?"

"நட்டதுக்குத் தண்ணி ஊத்தாம எப்பிடி அண்ணாச்சி இருக்கது? மனசு கேக்காதுல்லா."

போனுக்கு நல்ல ரப்பர் உறை போட்டிருந்ததால் உயிர் தப்பியது. வீடியோவில் ஒன்பது கழுதைகளின் முழங்கால்கள் வந்திருந்தன. செண்பகவல்லி அதையும் பார்த்தாள். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற குரலில் சொன்னாள்:

"போனைக் கையில பிடிங்க. நிமித்திப் பிடிங்க. அது போதும். அப்பறம், முதல் மூணு செகண்டுக்குள்ள பாக்குறவங்களைப் பிடிச்சு நிறுத்திரணும். இல்லேன்னா தள்ளிவிட்டுட்டுப் போயிருவாங்க."

இது சவரிமுத்துவுக்குக் கைவந்த வேலை. ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனைப் பிடித்த கை அது. தலைவர் நிமிர்த்திப் பிடித்த போனோடு நிற்க, சவரிமுத்து வேலியோரம் பதுங்கினார். மொபெட்டில் மீன் விற்றுக்கொண்டு வந்த சேவியர், இது என்ன கூத்து என்று கொட்டகைப் பக்கம் திரும்பினான்.

"பாத்துட்டான்!" என்று தலைவர் கத்தினார். "ஒண்ணு, ரெண்டு..."

மூன்றுக்குள் சவரிமுத்து பாய்ந்து சேவியரின் இடுப்பைக் கட்டிப்பிடித்துவிட்டார். மொபெட் ஒரு பக்கம் சாய்ந்தது. சாளை மீன் ரோடெல்லாம் சிதறியது.

"என்னவே செய்யுதீரு?"

"நீ பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

"அப்ப நில்லு. தள்ளிவிட்டுட்டுப் போகக்கூடாது."

சேவியர் தள்ளிவிட்டுத்தான் போனான். போகும் முன் கன்னத்தில் ஒன்று கொடுத்துவிட்டும் போனான். "அந்தப் பிள்ள சொன்னது எவ்வளவு சரியா இருக்கு பாத்தியளா?" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே வியந்தார் சவரிமுத்து.

அடுத்த நாள் செண்பகவல்லி இன்னொன்றும் சொன்னாள். முக்கால்வாசிப் பேர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் வீடியோ பார்ப்பார்களாம். அதனால் கீழே எழுத்து போட வேண்டுமாம்.

பிரம்மசக்தி தரையைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கழுதைகளின் காலடியில் பச்சரிசி மாவால் கோலம் போடுகிற நேர்த்தியோடு எழுதினாள்: "கழுதைகளுக்குக் கூரை இல்லை." வாகைவிளையில் அதுவரை யாரும் அவ்வளவு அழகாக எழுதியதில்லை. மூவரும் கொஞ்சம் தள்ளிநின்று ரசித்தார்கள். ரசித்து முடிப்பதற்குள் ராணி குனிந்து நடுவில் இருந்ததை நக்கிவிட்டது. எது நல்ல மாவு என்று அந்த இடத்தில் அதற்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

வீடியோவில் ஒன்பது கழுதைகள் வரிசையாக நின்றன. அவற்றின் கீழே கொட்டை எழுத்தில், "கழுதை இல்லை."

"எழுத்துப் பிழை இருக்கா?" என்று கேட்டார் தலைவர்.

பிரம்மசக்தி எழுத்துக்கூட்டிப் படித்தாள். "பிழையே இல்ல அண்ணாச்சி."

"அப்ப அனுப்பு."

அது போகவில்லை. வட்டம் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் ஆகிவிட்டது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. செண்பகவல்லியைக் கூப்பிட்டார்கள். அவள் வேறு ஏதோ கூட்டத்தில் இருந்தாள் போலிருக்கிறது, அவசர அவசரமாக, "ஃபைல் கனமா இருக்கும். எடையைக் குறைச்சிட்டு, எம்பி ஃபோர்ல அனுப்புங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

எடையைக் குறைப்பதில் சிக்கல் இல்லை. போனின் ரப்பர் உறையைக் கழற்றி எறிந்தார்கள். ஆனால் எம்பி ஃபோர் அவர்களை உலுக்கிவிட்டது.

"நாலு எம்.பி. வேணுமாம்," என்றார் சவரிமுத்து. "நம்ம தொகுதிக்கு ஒருத்தர்தான உண்டு. மிச்சம் மூணு பேருக்கு எங்க போறது?"

"அந்த ஒருத்தரையே யாரு பாத்திருக்கா?" என்றாள் பிரம்மசக்தி.

தலைவர் கையை உயர்த்தி இருவரையும் அமர்த்தினார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அந்த மாதிரி வெளிச்சம் அவர் முகத்தில் தெரிந்தபோதெல்லாம் ஊரில் ஏதாவது ஒன்று உடைந்திருக்கிறது.

"அவ எம்.பி.ன்னு சொல்லலவே. எம்பின்னு சொன்னா. எம்பிக் குதிக்கது இருக்குல்லா, அந்த எம்பி. ஃபோர்னா நாலு. நாலு தடவை எம்பி, நாலாவது எம்புதப்ப அனுப்பணும். மேல போகப்போக சிக்னல் நல்லாக் கிடைக்கும்லா?"

இருவரும் அவரைக் கும்பிடாத குறைதான்.

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டினார். சவரிமுத்து விசில் ஊதினார். தலைவர் ஒன்று எம்பினார், இரண்டு எம்பினார், மூன்றாவது எம்பலில் மூச்சு வாங்கியது. நான்காவதில் உயிரைக் கொடுத்து எம்பி, பெருவிரலால் பொத்தானை அமுக்கியபோது போன் கையை விட்டுப் பறந்து கழுதைகளின் தண்ணீர்த் தொட்டியில் 'டபக்' என்று விழுந்தது. இந்த முறை உறை இல்லை.

போனில் யாரையும் பிடிக்க முடியாமல் போகவே, செண்பகவல்லி பயந்து, அன்று மாலையே பஸ் ஏறி விடியும்போது வந்து சேர்ந்தாள். கொட்டகையைப் பார்த்தாள். குழியைப் பார்த்தாள், மாவைப் பார்த்தாள், பெரியப்பாவின் காதைப் பார்த்தாள். தன் போனை நிமிர்த்திப் பிடித்து, இருமுகிற ராணியின் முகத்தையும் தலைக்கு மேலே வெறும் மூங்கிலையும் கறுத்த வானத்தையும் எடுத்தாள். கீழே நாலு வார்த்தை போட்டாள். காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"இவ்வளவுதானா? அளக்கவே இல்லையே," என்றாள் பிரம்மசக்தி ஏமாற்றத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் வீடியோவை ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். மதுரையில் இரும்புக் கடை வைத்திருந்த ஒரு புண்ணியவான் பார்த்து மனம் இளகி, வேண்டிய தகரத்தை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். செண்பகவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு மறுநாள் அலுவலகம் இருந்தது. கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னாள்:

"மழை இன்னைக்கே வந்துரும் பெரியப்பா. தகரம் வந்ததும் நேரம் கடத்தாம கழுதைங்க மேல போட்டுருங்க. அப்பறம், மறக்காம எல்லாரும் ஷேர் பண்ணுங்க."

இதை மட்டும் இப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

லாரி சாயங்காலம் வந்தது. தகரத்தை இறக்கியதும் சவரிமுத்து மேலே மூங்கில் சட்டத்தைப் பார்த்தார். "அண்ணாச்சி, சட்டத்துக்கு மேல போடணுமோ?"

"சட்டத்துக்கு மேல போடச் சொன்னாளா, கழுதைங்க மேல போடச் சொன்னாளா? நமக்குன்னு ஒரு யோசனை வேண்டாம்வே. சொன்னதைச் செய்வோம்."

"ஷேர் பண்ணவும் சொன்னா," என்று நினைவுபடுத்தினாள் பிரம்மசக்தி. "ஆளுக்கு ஒண்ணா பிரிச்சிருவோம். ஒண்ணுக்குக் கூட, ஒண்ணுக்குக் கொறைச்சல்னு சண்டை வரக்கூடாது பாருங்க."

ஒவ்வொரு கழுதையின் முதுகிலும் ஒரு தகரத்தைப் போட்டுக் கயிற்றால் வரிந்து கட்டினார்கள். கட்டி முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. தகரத்தில் மழை விழுந்த சத்தத்துக்கு ஒன்பது கழுதைகளும் சேர்ந்து கத்திய கத்தலில் பக்கத்து ஊர்க்காரர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள்.

அப்போதுதான் சவரிமுத்து பார்த்தார். ஒரு தகரம் மிச்சம் கிடந்தது.

"கூட ஒண்ணு அனுப்பிட்டானோ?"

"மதுரைக்காரன் தப்பு பண்ணுவானா?" என்றார் தலைவர், கொட்டுகிற மழையில் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு. "எண்ணித்தான் அனுப்பியிருப்பான். அப்ப நம்மகிட்டதான் ஒரு கழுதை கொறையுது."

மூவரும் இடிந்துபோனார்கள். அறக்கட்டளை அங்கேயே, மழையிலேயே கூடியது. இருக்கிறவர்களில் ஒருவரைக் கழுதையாகச் சேர்த்துக்கொள்வது என்று முடிவானது. யாரைச் சேர்ப்பது என்பதில்தான் தகராறு.

"நான்தான் தலைவர். எனக்குத்தான் அந்தத் தகுதி," என்றார் ஆவுடைநாயகம்.

"பஸ்ஸுல காலமெல்லாம் நின்னே வேலை பாத்தவன் நான். நின்னுக்கிட்டே தூங்குவேன். உமக்கு வருமாவே?" என்று எகிறினார் சவரிமுத்து.

விவகாரம் ஓட்டெடுப்புக்குப் போனது. அவரவர் ஓட்டை அவரவர் போட்டுக்கொண்டார்கள். பிரம்மசக்தி இரண்டு பேரையும் நன்றாக ஏற இறங்கப் பார்த்து, நியாயமாக யோசித்து, தலைவருக்குப் போட்டாள். ஆவுடைநாயகம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் வரிசையின் கோடியில் நாலு காலில் நின்றார். தகரத்தைக் கட்டிவிட்டார்கள்.

சவரிமுத்து தேம்பித் தேம்பி அழுதார். மனசு கேட்காமல் பிரம்மசக்தி அவரைத் துணைக் கழுதையாக நியமித்தாள். துணைக்குத் தகரம் கிடையாது. ஆகவே அவர் தலைவருக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டே நின்றார். பிரம்மசக்தி கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு, பதவிக்குத் தகுந்தபடி, தலைவருக்கு இரண்டு கட்டுப் புல்லும் துணைக்கு ஒரு கட்டும் போட்டாள்.