மரநாய் அடுக்கிய பானைகள்

அடைமழைக் காலம். காட்டை ஒட்டி ஒரு பழைய பண்ணை வீடு. அங்கே மனிதர்கள் யாரும் இல்லை. அறுவடையில் சிந்திய தானியத்தைப் பிராணிகள் பொறுக்கி வந்து, அந்த வீட்டுச் சமையலறைப் பானைகளில் நிரப்பி வைத்திருந்தன. மழை ஓயும்வரை எல்லோருக்கும் சாப்பாடு அங்கேதான். பங்கு பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு வரிச்சி என்ற அணிலுடையது.

பாவம் வரிச்சி! பொழுது விடிந்தால் ஒரே கூச்சல்.

"அக்கா! என் பங்கு எங்கே?" என்று கத்தும் செம்பி என்ற கோழி.

"என் கொள்ளில் கம்பைக் கலந்தது யார்?" என்று முட்ட வரும் கிடா.

எலிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். புறாக்கள் உத்தரத்தில் உட்கார்ந்துகொண்டு சோளப் பானைக்குள்ளேயே எச்சம் போடும். எந்தப் பானையில் எது இருக்கிறதென்று வரிச்சிக்கே தெரியாது.

ஒரு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் சாப்பிட்டுப் போயிருந்தார்கள். திடீரென்று சோறு வேகும் வாசம் அடித்தது. வரிச்சி திரும்பிப் பார்த்தது. அடுப்பில் நெருப்பு இல்லை. சாம்பல் சில்லென்று கிடந்தது. அடுப்பு மேட்டில் ஒரு மரநாய் உட்கார்ந்திருந்தது. வாசம் அதன் உடம்பிலிருந்துதான் வந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"பயப்படாதே, தாயே. ரொம்ப நாளாக இந்தக் கூரைக்குள்தான் இருக்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்."

"இந்த அலங்கோலத்தையா பார்த்தீர்கள், ஐயா?" வரிச்சிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"எல்லோரையும் பார்த்தேன்" என்றது மரநாய். "சமையலறையை என்னிடம் விடு. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் ஒதுக்கித் தருகிறேன்."

"மற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கிறேனே?"

"எதற்கு? பொறுப்பு உன்னுடையதுதானே!"

வரிச்சி தலையாட்டியது.

மறுநாளே சமையலறை அடையாளமே தெரியாமல் மாறிவிட்டது. பானைகள் பெரிதிலிருந்து சிறிதுவரை வரிசையாக நின்றன. கம்புக்கு ஒரு புள்ளி, கொள்ளுக்கு இரண்டு புள்ளி என்று மரநாய் நகத்தால் கீறி அடையாளம் வைத்திருந்தது. புதுச் சட்டமும் போட்டு, அதை வரிச்சியின் வாயாலேயே எல்லோருக்கும் சொல்லவைத்தது. யாரும் கூட்டமாக வரக்கூடாது. அவரவருக்குச் சொன்ன வேளையில், பின்பக்கத்துக் குதிர் அறை வழியாகத் தனியாக வரவேண்டும். பேசக்கூடாது.

கூச்சல் பாதியானது. அடுத்த நாள் அதிலும் பாதி. வரிச்சி வெகுநாளுக்குப் பிறகு மத்தியானத்தில் கண்ணயர்ந்தது. தானியம்கூட மிஞ்சியது!

"எலிகளைக் காணோமே, ஐயா?"

"அவர்களுக்கு வேறு வேளை கொடுத்திருக்கிறேன். நீ படுத்துக்கொள், தாயே."

ஐந்தாம் நாள் விழித்தபோது கூரை ஒழுகும் சத்தம் மட்டும்தான் கேட்டது. சொட்டு. சொட்டு. செம்பியின் குரலைக் கேட்டு இரண்டு நாளாகிவிட்டது என்று அப்போதுதான் வரிச்சிக்கு உறைத்தது.

"செம்பி எங்கே?"

மரநாய் மீசையைத் துடைத்துக்கொண்டது. "அதற்குரிய இடத்தில் இருக்கிறது."

வரிச்சிக்கு வால் சிலிர்த்தது. மரநாய் கூரைக்குள் ஏறியதும், வரிச்சி மெல்லக் குதிர் அறைக்குள் நுழைந்தது. அங்கே உயரமான பலகையில் அது இதுவரை பார்க்காத நான்கு பானைகள் வாய்மூடி நின்றன.

முதல் பானையைத் திறந்தது. உள்ளே புறா இறகுகள். பெரியது கீழே, சிறியது மேலே என்று அழகாக அடுக்கியிருந்தது. இரண்டாவதில் எலி வால்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. மூன்றாவதில் சிவப்பு இறகுகள். அவற்றில் ஈரம்கூடக் காயவில்லை. நான்காவது மிகச் சிறிய பானை. கழுவித் துடைத்துக் காலியாக இருந்தது. அதன்மேல் மூன்று கோடுகள் கீறியிருந்தன.

வரிச்சி அந்தக் கோடுகளைப் பார்த்தது. பிறகு திரும்பித் தன் முதுகைப் பார்த்தது.

அப்போது சோறு வேகும் வாசம் அடித்தது.

"அவசரப்பட்டுத் திறந்துவிட்டாயே, தாயே" என்றது வாசலில் நின்ற மரநாய். "உன் முறை நாளைக்குத்தான்."

"பாவி! எல்லோரையும் தின்றுவிட்டாயே!"

"ஒவ்வொருவராகத்தான். கூட்டமாக இருந்தவரை எனக்குக் கீழே இறங்கவே தைரியம் இல்லை. அவர்களைத் தனித்தனியாக வரவைத்தது நீதானே!"

மரநாய் பலகையின்மேல் பாய்ந்தது. வரிச்சி துள்ளி விலகி, காலிப் பானையைப் பின்னங்காலால் எத்தியது. அது உருண்டு, மற்ற மூன்றையும் இடித்துத் தள்ளிக்கொண்டு, பலகைக்குக் கீழே அடுக்கியிருந்த கம்புப் பானைகள்மேல் விழுந்தது. வீடே அதிரும்படி எல்லாம் உடைந்து நொறுங்கின. வரிச்சி உறிக்கயிற்றில் தாவி ஏறித் தொண்டை கிழியக் கத்தியது.

"எல்லோரும் வாருங்கள்! தனியாக வராதீர்கள்! ஒன்றாக வாருங்கள்!"

முதலில் கிடா கதவை முட்டித் தள்ளிக்கொண்டு வந்தது. அதன் பின்னால் மிச்சமிருந்த எலிகள், புறாக்கள், முயல்கள் என்று அறை நிறைந்துவிட்டது. மரநாய் சுவரோடு ஒட்டிக்கொண்டது. கிடா விட்ட ஒரே முட்டில் அது மழைக்குள் போய் விழுந்து, நொண்டிக்கொண்டே காட்டுக்குள் ஓடி மறைந்தது.

மாலையில் வரிச்சி ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கூப்பிட்டது. பதினொரு பெயர்களுக்குப் பதில் வரவில்லை. செம்பியின் குஞ்சுகள் தாயில்லாமல் அடுப்போரம் ஒண்டி நின்றன. வரிச்சியால் அவற்றை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"அண்ணா, இந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம். நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கிடாவிடம் அழுதது.

"தப்பித்துக்கொள்ளப் பார்க்காதே" என்றது கிடா. "நீயேதான் பார்க்கவேண்டும். முதலில் அந்தக் குஞ்சுகளுக்குச் சாப்பாடு போடு."

வரிச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடைந்த ஓடுகளுக்கு நடுவே கம்பைப் பொறுக்கத் தொடங்கியது.

வேலையை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம். நம்மை நம்பியிருப்பவர்கள் நலமா என்று விசாரிக்கும் பொறுப்பை மட்டும் யாரிடமும் ஒப்படைக்கக்கூடாது.