பையில் வைக்காதது

குருவுக்கு வயது இருபத்து நாலு. சிஷ்யைக்கு இருபத்தேழு. அதனால் குரு சிஷ்யையை அக்கா என்று கூப்பிடுவார். சிஷ்யை குருவை டீச்சர் என்பாள்.

குருவின் பெயர் ரஹ்மத். குமாரபாளையத்தில் ஒரு தறிக்கூடத்தின் மாடியில் ஒற்றை அறையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினார். கீழே பன்னிரண்டு விசைத்தறி ஓடும். அந்த ஊரில் எல்லாரும் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவார்கள். சுகுணா மட்டும் மெல்லப் பேசுவாள். அதனால் எதையும் இரண்டு தடவை சொல்லும்படி ஆகும்.

அன்று திங்கட்கிழமை. சுகுணா இடுப்பில் குழந்தையோடு படி ஏறி வந்தாள்.

"என்ற கம்ப்யூட்டர்ல ஓடுதுங்க டீச்சர். அவங்களுதுல ஓடமாட்டேங்குது."

"என்னங்க்கா?"

இன்னொரு தடவை சொன்னாள்.

மலை மேல் ஒரு ஊரில் பொன்னாத்தாள் என்று ஒரு நர்ஸ். எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி, எந்தத் தேதியில் என்று நோட்டில் எழுதி வைத்திருப்பார். போன மாதம் நோட்டில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரு குழந்தைக்குத் தட்டம்மை ஊசி தள்ளிப்போய்விட்டது. ஒரு கல்யாண வீட்டில் அவர் இதைச் சொல்லி வருத்தப்பட்டபோது, "நான் ஒரு புரோகிராம் எழுதித் தர்றேங்க" என்று சுகுணா சொல்லிவிட்டாள். எப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

எழுதி அனுப்பினாள். நர்ஸின் பழைய லேப்டாப்பில் அது வெறும் எழுத்தாகத் திறந்தது. அதைப் படித்து ஓட்டுகிற பைதான் அங்கே இல்லை. மலையில் நெட்டும் இல்லை, இறக்கிக்கொள்ள முடியாது.

அதனால் பைதானையும் புரோகிராமையும் சேர்த்து ஒரே ஃபைலாகக் கட்டினாள். சொடுக்கினால் தானே ஓடவேண்டும். வீட்டில் ஓடியது. மலையில் ஒரு கறுப்பு ஜன்னல் வந்தது, போனது.

மறுபடியும் கட்டினாள், இன்னும் பெரிதாக. மறுபடியும் வந்தது, போனது.

நேற்று நர்ஸ் ஃபோன் செய்தார்.

"வருது, போயிருது. எங்கூட்டுக்காரரு மாதிரி. இங்க பாரு கண்ணு, புதங்கெழம ஊசி போடற நாளு. அன்னிக்கும் இப்படித்தான்னா நான் நோட்டத் தூக்கிட்டே போயிக்கறேன். நீ உன்ற புள்ளயப் பாரு."

கடைசியாகச் சொன்னதை டீச்சரிடம் சொல்லும்போது சுகுணா தரையைப் பார்த்துக்கொண்டாள்.

நாளைக் காலையில் மலைக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் பென் டிரைவைக் கொடுத்துவிட்டால்தான் புதன்கிழமைக்குப் போய்ச் சேரும்.

டீச்சர் பென் டிரைவை வாங்கி வகுப்புக் கம்ப்யூட்டரில் சொருகினார். சொடுக்கினார். ஜன்னல் திறந்தது. ஒரு பிறந்த தேதி கொடுத்தார். ஊசிகள் வரிசையாக வந்தன.

"ஓடுதே."

"அதானுங்க எனக்கும் தெரியல."

"உள்ள என்னவெல்லாம் வெச்சீங்க?"

"பைதான் வெச்சேனுங்க. தேதிக் கணக்கு போடறது, ஜன்னல் வரையறது, தமிழ் எழுத்து. எதுக்கும் இருக்கட்டும்னு வேண்டாததும் நாலு வெச்சேன். எல்லாத்தையும் வெச்சுட்டேங்க டீச்சர். இன்னும் என்ன இல்ல?"

டீச்சர் திரையைப் பார்த்தார். சுகுணாவைப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார்.

"பாப்பா பகல்ல தூங்குவாளா?"

"எங்கூட்டுலயாங்க? தூளியில ரெண்டு ஆட்டு. தூங்கிருவா."

"ஊருக்கு வெளிய எங்க மாமாவோட தோட்டத்து வீடு சும்மாதான் கிடக்கு. மத்தியானம் அங்க கூட்டிட்டு வந்து தூங்க வைங்க. அவ தூங்க என்ன வேணுமோ எல்லாம் ஒரே பையில இருக்கணும். அங்க எதையும் கேட்கக் கூடாது."

"புரோகிராமுங்க?"

"அதையும் கொண்டாங்க."

சுகுணாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டால் அதையும் இரண்டு தடவை கேட்கவேண்டும். சரிங்க என்று இறங்கிப் போனாள்.

மத்தியானம் ஸ்கூட்டியில் வந்தாள். பை அவளை விடப் பெரிதாக இருந்தது. தூளிச் சேலை, கயிறு, தொட்டில் கட்டை, பால் பாட்டில், ஃபிளாஸ்க்கில் வெந்நீர், மாற்றுத் துணி, வசம்பு வளையல், காது பிய்ந்த முயல் பொம்மை, கொசுவலை. கயிறு மாட்டுகிற கொக்கி கூட இருந்தது.

டீச்சர் வாசல் பக்கம் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். உதவிக்கு எழுந்திருக்கவில்லை.

சுகுணா விட்டத்தில் தூளி கட்டினாள். குழந்தையைப் போட்டாள். ஒரு ஆட்டு. இரண்டு ஆட்டு.

குழந்தை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தது.

பத்து ஆட்டு. ஐம்பது ஆட்டு. பால் கொடுத்தாள். துணி மாற்றினாள். முயலைக் கையில் கொடுத்தாள், அது வெளியே வந்து விழுந்தது. பாடினாள். கூச்சத்தில் பாதிக்கு மேல் வரவில்லை. குழந்தை அழ ஆரம்பித்தது. அந்த வீட்டில் அழுகை பெரிதாகக் கேட்டது.

சுகுணா பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். ஒரு சேஃப்டி பின் விழுந்தது.

"எல்லாத்தையும் வெச்சுட்டேங்க டீச்சர்."

"வீட்டுல எப்படித் தூங்குவா?"

"ரெண்டு ஆட்டுங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லைங்க."

டீச்சர் ஒரு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

சுகுணாவுக்கு அழுகை வரும்போல இருந்தது. நாளைக் காலை பஸ். இங்கே தூளி ஆட்டிக்கொண்டிருக்கிறோம். இதற்கும் அதற்கும் என்ன? ஒருவேளை, நீ உன் பிள்ளையைப் பார் என்றுதான் டீச்சரும் சொல்கிறாரோ?

அப்போது பக்கத்துத் தோட்டத்தில் யாரோ தண்ணீர் பாய்ச்ச ஆயில் இன்ஜினைப் போட்டார்கள். தடக், தடக் என்று திணறி, பிறகு ஒரே சீராகத் தடதடவென்று ஓட ஆரம்பித்தது.

குழந்தை அழுகையைப் பாதியில் நிறுத்தியது. சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பியது. கட்டை விரலை வாயில் வைத்தது.

ஒரு ஆட்டு. இரண்டு ஆட்டு. தூங்கிவிட்டது.

சுகுணா தூளியைப் பிடித்தபடியே நின்றாள். ஜன்னலைப் பார்த்தாள். மறுபடியும் தூளிக்குள் பார்த்தாள்.

"தறி" என்றாள்.

டீச்சர் நிமிர்ந்தார்.

"எங்கூட்டுச் செவுத்துக்கு அந்தாண்ட எட்டுத் தறிங்க டீச்சர். இவ பொறந்ததுல இருந்து ஓடிட்டேதான் இருக்குது."

"உங்க தறியா?"

"இல்லீங்க. பக்கத்து வீட்டுக்காரங்களுது."

சுகுணா மெதுவாகக் கேட்டாள்.

"புரோகிராமுக்கு ஏதுங்க டீச்சர் தறி?"

டீச்சர் எழுந்து உள் அறைக்குப் போனார். மூலையில் போர்த்தியிருந்த துணியை இழுத்தார். ஒரு பழைய கம்ப்யூட்டர்.

"எல்லாத்தையும் அழிச்சு வெச்சிருக்கேன். இதுல பைதான் இல்ல. நீங்க இதைத் தொட்டதில்ல. நானும் இதுல எதுவும் எழுதினதில்ல. போடுங்க."

சுகுணா பென் டிரைவைச் சொருகிச் சொடுக்கினாள். கறுப்பு ஜன்னல் வந்தது, போனது.

நர்ஸ் பார்த்ததை இன்றுதான் அவள் கண்ணால் பார்க்கிறாள். வருத்தப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

"சிஸ்டர் சொன்னது நெசந்தானுங்க."

"சொடுக்காதீங்க. கறுப்பு ஜன்னலை நாமளே முதல்ல திறந்துக்கலாம். அதுக்குள்ள புரோகிராம் பேரை அடிச்சு ஓட்டுங்க. அப்ப அது சொல்ல வந்ததைச் சொல்லிட்டுத்தான் போகும்."

ஓட்டினாள். ஜன்னல் நின்றது. நிறைய வரிகள். சுகுணா விரலை வைத்துக் கடைசி வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். டி டிரைவில் 'ஊசி' என்கிற ஃபோல்டரில் 'பட்டியல்' என்று ஒரு ஃபைல் இல்லை என்றது.

"இது நம்ம பட்டியலுங்க. எந்த ஊசி எத்தனாவது வாரம்னு எழுதினது. புரோகிராம் ஆரம்பிச்சதும் இதைப் போய்ப் படிச்சுட்டுத்தான் மத்த வேல பாக்கும்."

"எப்ப எழுதினது?"

"போன வருசம், நம்ம பாப்பா ஊசிக்கு. வகுப்புல சேந்த மொதல் வாரமோ என்னவோ. அதுபாட்டுக்கு டி டிரைவ்ல கிடக்கும்." நிறுத்தினாள். "கட்டற சாஃப்ட்வேர் இதை ஏனுங்க எடுத்துக்கல?"

"புரோகிராம் பேர் சொல்லிக் கூப்பிடற சாமானை எல்லாம் அது தேடி எடுத்துப் பையில போடும். சும்மா திறந்து படிக்கிற ஃபைலை நாமதான் எடுத்து வைக்கணும்."

சுகுணா தூளியைப் பார்த்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

வீட்டுக்கு ஓடினாள். பட்டியலைப் பையின் உள்ளே வைத்தாள். டி டிரைவில் தேடாதே, உன் பைக்குள்ளேயே தேடு என்று புரோகிராமில் இரண்டு வரி மாற்றினாள். கட்டினாள். தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது குழந்தை அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது. காலிக் கம்ப்யூட்டரில் சொடுக்கினாள்.

ஜன்னல் வந்தது. போகவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் மலைப் பாதையில் டவர் கிடைக்கிற வளைவில் நின்று நர்ஸ் ஃபோன் செய்தார்.

"தொறந்துச்சு கண்ணு. காலைலயே எல்லாப் பேரையும் ஏத்திட்டேன். மொத்தம் பதினோரு புள்ளைக. ஒருத்திக்கு நோட்டுல அடுத்த வாரம்னு எழுதியிருக்கேன், உன்றது இன்னிக்கேங்குது. எண்ணிப் பாத்தா இன்னிக்குத்தான். போட்டுட்டேன்."

"சரிங்க."

"என்ன, சரிங்கன்னுட்டு. சத்தமாப் பேசு கண்ணு. உன்ற புள்ள என்ன பண்றா?"

"தூங்கறாளுங்க."

மறுநாள் சுகுணா வகுப்புக்கு வந்தாள். நர்ஸ் சொன்னதைச் சொன்னாள். டீச்சர் சிரித்தார். சுகுணா போகாமல் நின்றாள். அவளுக்கு இன்னும் ஒன்று புரியவில்லை. கேட்கலாமா வேண்டாமா என்று புடவை முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கெழம இங்க வந்தப்பவே சொல்லியிருக்கலாமேங்க டீச்சர். பட்டியலு இல்லைன்னு."

கீழே தறி ஓடியது.

"என்னங்க்கா?"

சுகுணா இன்னொரு தடவை சொன்னாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பட்டியலை நீங்க முதல்ல எழுதினது இந்தக் கம்ப்யூட்டர்ல, அப்புறம்தான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்க. இங்கயும் ஒரு வருசமா டி டிரைவ்ல அதுபாட்டுக்குக் கிடக்கு."

சுகுணா கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"அப்பன்னா உங்களுக்கும் தெரியாதுங்களா?"

ரஹ்மத் டீச்சர் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தார். தரை அதிர்ந்துகொண்டிருந்தது.

"நானும் இந்த ஊர்லதானே அக்கா இருக்கேன்."