கிளட்ச் கம்பியின் ஏழாவது இழை

திண்டுக்கல்லில் ஆரோக்கியசாமி என்று ஒருவர் இருந்தார். அவரைவிடப் பத்து வயது மூத்த மோட்டார் சைக்கிள் ஒன்று அவரிடம் இருந்தது. ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் அதன் டேங்குக்கு மெழுகு போட்டுத் துடைப்பார். தெருவே நின்று பார்க்கும். நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு மட்டும்தான் அந்த உபசாரமெல்லாம்.

யாரும் பார்க்காத இடத்தில், கறுப்பு உறைக்குள், கிளட்ச் கம்பி இருந்தது. பேர்தான் ஒரு கம்பி. உள்ளே ஏழு இழைகள். சுற்றி ஆறு, நடுவில் ஒன்று. அவர் இடது கையால் பிடியை அழுத்தும்போதெல்லாம் ஏழும் சேர்ந்து இழுக்கும். இழுத்தால்தான் என்ஜினின் வேகம் சக்கரத்தை விட்டு விலகி நிற்கும். மாதம் ஒரு சொட்டு எண்ணெய் கிடைத்தால் போதும் என்றிருந்தன. கிடைத்ததில்லை.

ஒருநாள் பிடிக்குப் பக்கத்தில், காய்ந்து கிடந்த வளைவில், ஒரு இழை அறுந்தது. மற்ற ஆறும் பாரம் தாங்காமல் கொஞ்சம் நீண்டுவிட்டன. பிடி தொளதொளத்தது.

"ஆடட்டும்," என்றது நடு இழை. "இப்பவாவது உறையை விலக்கிப் பார்ப்பாரு."

பிடியின் கழுத்தில் அட்ஜஸ்டர் என்கிற திருகு உட்கார்ந்திருந்தது. கம்பி தொய்ந்தால் இறுக்குவது அதன் வேலை. "பயப்படாதீங்கப்பா, நான் இருக்கேன்ல," என்றது.

"அண்ணே, நீங்க இருக்கிறதுதான் பயமா இருக்கு. எங்களுக்கு வாய் ஏது? இந்தத் தொய்வு ஒண்ணுதான் அவருக்குப் புரியற மாதிரி நாங்க சொல்றது. நீங்க இறுக்கிட்டா அது அவர் கைக்குப் போய்ச் சேராது. இந்த ஒரு தடவை சும்மா இருங்க."

"ஒருத்தன் போனதுக்கு இவ்வளவு ஒப்பாரியா? பிடி ஆடினா கெட்ட பேரு எனக்குத்தான்."

ஆரோக்கியசாமி வந்து இரண்டு சுற்று திருகினார். பிடி விறைப்பாக நின்றது. அட்ஜஸ்டரைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

ஏழு பேர் இழுத்த பாரத்தை ஆறு பேர் இழுத்தார்கள். மழை மாதத்தில் அது ஐந்தானது, பிறகு நான்கு. ஒவ்வொரு தடவையும் பிடி தொய்ந்தது, ஒவ்வொரு தடவையும் அவர் திருகினார். அட்ஜஸ்டரும் சளைக்காமல் இறுக்கிக்கொடுத்து நல்ல பேர் வாங்கியது.

"மாசாமாசம் திருகுறீங்களே," என்றாள் அவர் மனைவி செலின். "உள்ள என்னன்னு ஒருதரம் பார்த்தா என்னவாம்?"

"திருகினா சரியாகுதுல்ல? அப்புறம் எதுக்கு நோண்டிக்கிட்டு?"

கடைசியில் நடு இழை மட்டும் மிஞ்சியது. அட்ஜஸ்டரும் தன் திருகு மரை ஏறக்குறைய முழுக்க வெளியே வந்து, கடைசி ஒரு சுற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. "அண்ணே, இப்பவாவது விட்டுக்கொடுங்க," என்று கெஞ்சியது இழை. அவர் விரல் வந்தது. அட்ஜஸ்டர் அந்த ஒரு சுற்றையும் கொடுத்துவிட்டது.

மறுநாள் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்த ஆரோக்கியசாமி பிடியை அழுத்தினார். இழை தன்னால் ஆனமட்டும் இழுத்தது, அறுந்தது. என்ஜின் சக்கரத்தை விடாமல் தள்ள, பிரேக்கையும் மீறி வண்டி கேட்டில் போய் முட்டியது. ஹெட்லைட் நொறுங்கியது, அவர் முழங்கால் தோலுரிந்தது.

அடுத்த நாள் மெக்கானிக் காசிம் புதுக் கம்பி மாட்டினார். அட்ஜஸ்டரை மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் விட்டு, அதே இடத்தில் பூட்டினார். புது இழைகள் ஏழும் தயங்கித் தயங்கி அதைப் பார்த்தன. "பயப்படாதீங்கப்பா," என்றது அது.

காசிம் பழைய கம்பியின் முனையைப் பிரித்து நீட்டினார். "சார், இது நேத்து ஒரே நாள்ல அறுந்ததில்ல. பாருங்க, ஆறு இழையும் அறுந்த இடத்துல துருப்பிடிச்சுக் கெடக்கு. எப்பவோ போயிருச்சு. இந்த ஒண்ணுதான் நேத்து அறுந்தது, வெட்டு வாய் இன்னும் பளபளன்னு இருக்கு."

ஆரோக்கியசாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த ஒற்றை இழையை உற்றுப் பார்த்தார்.

"அப்போ இந்த ஒண்ணுதான் என்னைக் கவுத்துவிட்டது."