செண்பகம் குடித்த தண்ணீர்

காலை ஐந்து ஐம்பது. தொண்ணூற்றொன்பது கிலோ எண்ணூறு கிராம். பெயர் கோமதிநாயகம்.

தென்மருதூர் முருகன் கோயில் சரக்கறையில், அரிசி மூட்டைகளுக்கும் வெல்லப் பானைகளுக்கும் நடுவே ஒரு கண்ணாடி எடை எந்திரத்தின் மேல் அவர் நின்றுகொண்டிருந்தார். வயது ஐம்பத்தொன்று. சரக்கறைக்கு அவர்தான் பொறுப்பு. எந்திரத்தில் ஏறும் முன் சட்டை, மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி மூட்டை மேல் வைத்திருந்தார். திருநீறு பூசுவதைக்கூட எடை பார்த்த பிறகுதான் என்று ஆக்கிக்கொண்டு ஐந்து வாரம் ஆகிறது. அந்த ஐந்து வாரமும் எந்திரம் ஒரே இடத்தில் நின்றது. ஒரு நாள் நூறு கிராம் குறையும், மறுநாள் இருநூறு கூடும்.

தைப்பூசத்தன்று ஆற்றிலிருந்து கோயிலுக்குத் தீர்த்தக் குடம் யானை மேல் வரும். குடத்தை மடியில் வைத்துக்கொண்டு மேலே உட்கார்ந்து வருவது கோமதிநாயகத்தின் குடும்பத்து உரிமை. அப்பாவுக்குப் பிறகு ஒன்பது வருடமாக அவர்தான் ஏறினார். மாடியில் நிற்பவர்கள் அன்றைக்கு அவர் முகத்துக்கு நேராக நின்று கும்பிடுவார்கள். யானையின் காது வழியெல்லாம் அவர் முழங்காலில் வந்து வந்து தட்டும். வருடம் முழுக்கப் பருப்பு அளந்து போடுகிற மனிதருக்கு அந்த ஒரு காலை போதுமானதாக இருந்தது.

ஆனி மாதம் யானையைப் பார்க்க வந்த கால்நடை டாக்டரம்மா அதில் கை வைத்துவிட்டார். யானை செண்பகம் அன்று நாலாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு கிலோ. நானூறு கிலோவாவது இறங்க வேண்டும் என்றார். முன்கால் நகத்தில் வெடிப்பு இருப்பதால் முதுகில் ஏறும் பாரமும் குறைய வேண்டும், குடம் பிடிப்பவர் தொண்ணூற்றைந்து கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் எழுதினார். கோமதிநாயகம் அன்று நூற்றெட்டு. நிர்வாக அதிகாரி அந்தத் தாளில் அப்படியே கையெழுத்துப் போட்டார். எடை இறங்காவிட்டால் தம்பி மகன் நெல்லையப்பன் ஏறட்டும் என்று வீட்டிலும் பேசி முடித்துவிட்டார்கள். நெல்லையப்பன் அறுபத்திரண்டு கிலோ. அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

யானையோடு சேர்ந்து நீங்களும் நடங்கள் என்று யோசனை சொன்னவன் பாகன் அய்யாக்குட்டி. முப்பத்துநாலு வயது, ஒல்லியான ஆள். செண்பகத்துக்கு இன்னும் ரெண்டு அச்சு வெல்லம் கொடுங்கள் என்று பதினோரு வருடமாகச் சரக்கறை வாசலில் வந்து கெஞ்சியவன். இப்போது அவன் சொல்லச் சொல்ல கோமதிநாயகம் நடந்தார். கோயிலிலிருந்து ஊர்க்கோடி அரிசி ஆலை வரை இரண்டரை கிலோமீட்டர், திரும்ப இரண்டரை. "உத்தரவு ஆசானே" என்று முதல் வாரம் கிண்டலாகத்தான் சொன்னார். இரண்டாவது மாதம் கிண்டல் போய்விட்டது. ஆசான் மட்டும் நின்றது.

புரட்டாசி வரை எட்டு கிலோ இறங்கியது. பிறகு இந்த ஐந்து வாரம்.

பொறுமை போய், முந்தின நாள் மதியத்திலிருந்து கோமதிநாயகம் தண்ணீரைக்கூட நிறுத்திப் பார்த்தார். சாயங்காலம் உளுந்து அளந்துகொண்டிருந்தவர் அப்படியே மூட்டை மேல் சரிந்தார். மடப்பள்ளியிலிருந்து ஆட்கள் ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். விழித்ததும் அவர் முதலில் கேட்டது எடை எந்திரத்தை. முந்நூறு கிராம் இறங்கியிருந்தது. இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறினார். இறங்கியது எல்லாம் திரும்பி வந்திருந்தது, கூடவே கொஞ்சம் அதிகமாகவும்.

அதனால் அந்தப் புதன்கிழமை காலை, எந்திரத்தை விட்டு இறங்கி யானைக் கொட்டடிக்குப் போனபோது அவர் ஒரு முடிவோடுதான் போனார்.

"குடத்தை நெல்லையப்பன்கிட்டக் கொடுத்திருதேன். இன்னைக்கு நிர்வாக அதிகாரிகிட்ட எழுதிக் கொடுக்கப் போறேன்" என்றார்.

அய்யாக்குட்டி செண்பகத்தின் காலடியில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"சரி அண்ணாச்சி. இன்னைக்கு அவளை எடை போடணும். ஆலை வரைக்கும் வந்துட்டு, அப்புறம் எழுதிக் கொடுங்க."

மாதத்துக்கு ஒரு முறை செண்பகத்துக்கு எடை. ஊரில் அவளைத் தாங்கக்கூடிய தராசு ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஆலை வாசலில், நெல் லாரிகள் ஏறி இறங்கும் எடைமேடை.

மூவரும் கிளம்பினார்கள். கோயில் வாசல் தாண்டியதும் கோமதிநாயகம் ஆரம்பித்தார். தான் விட்டுவிட்ட புட்டு, வடை, பொங்கல் எல்லாவற்றையும் பெயர் சொல்லி ஒப்பித்தார். டாக்டரம்மாவின் படிப்பைச் சந்தேகப்பட்டார். அந்தக் கண்ணாடி எந்திரத்தை வாங்கி அனுப்பிய மருமகனின் குணத்தைப் பற்றிச் சொன்னார். பாலம் ஏறும்போது அய்யாக்குட்டி பக்கம் திரும்பி, கம்பு மாதிரி இருக்கிறவனுக்குக் கனத்த உடம்பின் கஷ்டம் என்ன தெரியும், உன்னை ஆசான் என்று கூப்பிட்டது என் புத்தி என்றார். ரேஷன் கடை வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கும் இரண்டு வார்த்தை கிடைத்தது. அய்யாக்குட்டி ஒன்றும் பேசவில்லை. செண்பகம் காதை ஆட்டிக்கொண்டு நடந்தாள்.

எடைமேடைக்காரர் ஜெபமணி அவர்களைக் கண்டதும் இரண்டு லாரிகளை ஓரங்கட்டச் சொன்னார். செண்பகத்துக்கு அந்த இடம் பழக்கம். மெதுவாக ஏறி, நாலு காலையும் ஒழுங்காக வைத்து நின்றாள். ஜெபமணியின் கணினி வண்டி எண் இல்லாமல் சீட்டு அடிக்காது. அவர் வண்டி எண் என்ற இடத்தில் செண்பகம் என்றும், சரக்கு என்ற இடத்தில் இல்லை என்றும் அடித்தார்.

நாலாயிரத்து நூற்று நாற்பது.

போன மாதச் சீட்டிலும் நாலாயிரத்து நூற்று நாற்பதுதான். கோமதிநாயகம் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பாத்தியா. இவளுக்கும் நின்னு போச்சு."

அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது என்பதை மறைக்க முடியாது.

அய்யாக்குட்டி அவளை இறக்கினான். ஆலைக்குப் பின்னால் நெல் ஊறவைக்கும் தொட்டி ஒன்று நிரம்பியிருந்தது. காலையில் எடை போடும் வரை செண்பகத்துக்குத் தண்ணீர் காட்டுவதில்லை, டாக்டரம்மா சொன்ன முறை அது. இப்போது அவள் துதிக்கையை விட்டாள். உறிஞ்சி வாயில் ஊற்றினாள், மறுபடி உறிஞ்சினாள். கோமதிநாயகம் எண்ணத் தொடங்கி, பன்னிரண்டுக்கு மேல் விட்டுவிட்டார். கடைசித் துதிக்கையை அவள் வாய்க்குக் கொண்டுபோகாமல் தன் முதுகில் பீய்ச்சினாள். பாதி அவர் சட்டையில் விழுந்தது.

அய்யாக்குட்டி அவளை நேராக எடைமேடைக்கே திரும்ப நடத்தினான். ஜெபமணி சரக்கு என்ற இடத்தில் தண்ணீர் என்று அடித்தார்.

நாலாயிரத்து இருநூற்று முப்பது.

கோமதிநாயகம் பதறிப்போனார். இந்தச் சீட்டு டாக்டரம்மா கையில் கிடைத்தால் செண்பகத்தின் வெல்லம் மொத்தமாகப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

"லே, தண்ணி குடிச்சவளை எதுக்குலே மறுபடி ஏத்துன?"

"சும்மாதான் அண்ணாச்சி."

"தொண்ணூறு கிலோ கூடிட்டாளே."

"ஆமா."

"கால் மணி நேரத்துல."

"ஆமா அண்ணாச்சி. நாலு மாசம் நடந்தது எல்லாம் வீண். நாளையிலிருந்து தண்ணியை நிறுத்திரட்டா?"

கோமதிநாயகம் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? வாயில்லா ஜீவனை நடத்தியும் கூட்டிட்டு வந்து, தண்ணியும் கொடுக்கலன்னா நடுரோட்டுல விழுந்திரும்லே."

"நேத்து சரக்கறையில விழுந்தது யாரு அண்ணாச்சி?"

ஜெபமணி கணினியைப் பார்த்துக்கொண்டார். லாரி டிரைவர்கள் இருவரும் வேறு எங்கோ பார்த்தார்கள். அந்த நேரத்தில் செண்பகம் வாலைத் தூக்கி, எடைமேடையின் நட்டநடுவில் லத்தி போட்டாள். ஐந்தாறு உருண்டை, ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. அய்யாக்குட்டியும் ஒரு டிரைவரும் மண்வெட்டியால் அவசரமாகத் தள்ளினார்கள். திரையில் எண் மாறியது.

நாலாயிரத்து இருநூற்று இருபது.

ஜெபமணி கடமை தவறாதவர். கேட்காமலே மூன்றாவது சீட்டையும் அடித்துக் கோமதிநாயகத்தின் கையில் கொடுத்தார். சரக்கு என்ற இடத்தில், தண்ணீர், லத்தி நீங்கலாக என்று இருந்தது.

கோமதிநாயகம் அதை ஒரு முறை படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். அவர் வயிறு முதலில் குலுங்கியது, சத்தம் பிறகுதான் வந்தது. சிரிப்பு நிற்கவில்லை. ஈரச் சட்டையோடு எடைமேடையின் ஓரத்தில் உட்கார்ந்து, மூன்று சீட்டையும் விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஜெபமணி சிரித்தார். டிரைவர்கள் சிரித்தார்கள். காத்திருந்த லாரிகளின் ஹாரன் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தார்கள்.

ஜெபமணி கொடுத்த சொம்புத் தண்ணீரைக் கோமதிநாயகம் முழுசாகக் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்து, இன்னொரு சொம்பு கேட்டு வாங்கினார்.

திரும்பி வரும் வழியில் அவர் செண்பகத்தின் வலது பக்கம், அவள் நடைக்குத் தன் நடையைச் சேர்த்துக்கொண்டு வந்தார். கோயில் கோபுரம் தெரியும் இடத்துக்கு வந்ததும் கேட்டார்.

"இந்த மூணுல எதுலே அவ எடை?"

"மூணும்தான் அண்ணாச்சி. அந்தந்த நேரத்துக்கு அது அது."

"அப்போ இறங்குதா இல்லையான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆனி மாசம் பாலத்து ஏத்தத்துல ரெண்டு தடவை நிப்பா. நான் தட்டிக் கொடுத்தாத்தான் நகருவா. இன்னைக்கு நின்னாளா?"

கோமதிநாயகம் யோசித்துப் பார்த்தார். நிற்கவில்லை. அதைக் கவனிக்கும் நிலையில் அவர் இருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

"சரி, அவ யானை. நடக்கப் பிறந்தவ. என் கதை என்ன ஆசானே? அஞ்சு வாரமா எனக்கு ஒண்ணுமே நடக்கலியே."

இந்தக் கேள்வியில் கிண்டல் இல்லை. அவர் நின்றுவிட்டார். காலையில் எழுதிக் கொடுப்பேன் என்று சொன்ன கடிதம் இன்னும் அவர் மனதில் இருந்தது. செண்பகமும் நின்றாள்.

அய்யாக்குட்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"ஆனி மாசம் இந்த ரோட்டுல நீங்க எத்தனை இடத்துல உக்காந்தீங்க?"

கோமதிநாயகம் விரல் விட்டு எண்ணினார். டீக்கடை பெஞ்சு. பாலத்துச் சுவர். ரேஷன் கடைப் படி. மாதா கோயில் திண்ணை. டிரான்ஸ்ஃபார்மர் மேடை. தண்ணீர்த் தொட்டி. ஆலை வாசலில் ஜெபமணியின் நாற்காலி. ஏழு.

"இன்னைக்குப் போகும்போது?"

அவர் திரும்பி, வந்த ரோட்டைப் பார்த்தார். டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"போகும்போது ரெண்டரை கிலோமீட்டரும் என்னைத் திட்டிக்கிட்டே வந்தீங்க அண்ணாச்சி" என்றான் அய்யாக்குட்டி. "எங்கேயாவது ஒரு இடத்துல மூச்சு வாங்க நின்னிருந்தா, நானும் ஒரு வார்த்தை பதில் சொல்லியிருப்பேன்."

கோமதிநாயகம் செண்பகத்தின் முன்காலில் தட்டிக் கொடுத்தார். பிறகு மூவரும் நடந்தார்கள்.

கடிதம் எழுதப்படவில்லை. அடுத்து வந்த 2023 தைப்பூசத்துக்குக் கோமதிநாயகத்தின் எடை தொண்ணூற்றாறு கிலோ நூறு கிராம். குடத்தோடு மேலே நெல்லையப்பன் ஏறினான். கோமதிநாயகம் ஆற்றிலிருந்து கோயில் வரை யானையின் பக்கத்தில் நடந்தார்.

2024 ஜனவரி 25, வியாழக்கிழமை, தைப்பூசம். காலை ஆறு பத்துக்கு அவர் தீர்த்தக் குடத்துடன் செண்பகத்தின் மேல் ஏறினார். முந்தின நாள் டாக்டரம்மா எழுதிய எடை தொண்ணூற்றிரண்டு கிலோ எண்ணூறு கிராம். செண்பகத்தின் எடை மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது.