பசியை அளக்க வந்த பண்டிதர்

ஆத்தங்கரையில ஒரு ராசா இருந்தாராம். "உம்" கொட்டிக்கிட்டே கேக்கணும், இல்லேன்னா ஆறு நின்னுபோயிடும்! அந்த ஆறு பொறக்குற மலையில நஞ்சின்னு ஒருத்தி. அவ பேச்சுக்குத்தான் மலைசனம் கட்டுப்படும்.

ஒரு வருசம் ஆறு வத்திப்போச்சு. ராசா மலையேறி வந்து, "நஞ்சி, காட்டை எரிச்சு சாமை வெதைக்கிறதை விட்டுடுங்க, ஊத்து பொழைக்கட்டும். வருசா வருசம் நாப்பது வண்டி நெல்லு அனுப்புறேன்"னாரு. ராசா வாக்காச்சேன்னு அவளும் நம்பி, வெதைக்கிறதை விட்டுட்டா. காடு தழைச்சுது, ஆறு பெருகுச்சு, கீழ வயலெல்லாம் வெளைஞ்சுது. நெல்லு வந்துச்சா? எங்க வந்துச்சு! ராசா அனுப்புன பண்டிதர் ஒருத்தருதான் வந்தாரு.

"நெல்லு எங்க சாமி?"

"ஆராயாம குடுத்துட முடியுமா? மொதல்ல மரத்தை எண்ணணும்."

அந்த மலையில ஒரு வழக்கம். வீட்டாளு பட்டினி கெடந்தாலும் மொத சோறு விருந்தாளிக்குத்தான். நஞ்சி வெதைக்கு வச்சிருந்த சாமையை ஆக்கி, தேன் ஊத்திப் போட்டா. அவரு தின்னு ஏப்பம் விட்டுட்டுப் போனாரு.

மறுவருசமும் வந்தாரு. "இப்ப தண்ணிய அளக்கணும்." தின்னாரு, ஏப்பம் விட்டாரு, போனாரு. அதுக்கடுத்த வருசமும் வந்தாரு. "இப்ப உங்க பசியை அளக்கணும்"னு உக்காந்து, நஞ்சி பேத்தி அழுவுறதைப் பாத்துக்கிட்டே கடைசிச் சாமையையும் தின்னாரு. தின்னுட்டு ஓலையில என்ன எழுதுனாருங்கிறீங்க? 'வந்தவனுக்கே தேனும் சாமையும் போடுறாங்க, இவங்களுக்கு ஏது பசி, நெல்லு வேண்டாம்'னு! அட பாவி மனுசா! வருசா வருசம் அந்த நாப்பது வண்டியும் ஆராய்ச்சிச் செலவுன்னு அவரு களஞ்சியத்துக்கே போயிருக்கு.

உப்பு விக்க வந்தவன் இந்தச் சேதியைச் சொன்னதும் நஞ்சி கெளம்பிட்டா. நேரா அரமனைக்குப் போனா. "ராசா, எங்க வீட்டுக்கு விருந்துக்கு வாங்க. பண்டிதரையும் கூட்டிட்டு வாங்க."

வந்தாங்க. நஞ்சி எலை போட்டா. எலையில தண்ணி தெளிச்சா. அப்புறம் ஒண்ணும் வைக்கலை.

"சோறு எங்க நஞ்சி?"

"வீட்ல இருக்குறதை மொதல்ல விருந்தாளிக்குப் போடுவோம் ராசா. இருக்குறது இவ்வளவுதான். வெதைச்சாமையை இந்த சாமி மூணு வருசமா தின்னுட்டு, தின்ன வாயாலயே எங்களுக்குப் பசி இல்லைன்னுட்டாரு. உங்க வயல்ல வெளைஞ்சதெல்லாம் எங்க புள்ளைங்க பட்டினி கெடந்து வெளைஞ்சது!"

ராசா தலை குனிஞ்சுபோச்சு. பண்டிதரோட களஞ்சியத்தை ராசாவே ஒழிச்சு அத்தனை நெல்லையும் மலையேத்துனாரு. இனிமே அறுத்ததும் மலைப் பொம்பளைங்களே வந்து மொத வண்டி ஏத்திக்கணும்னு சொல்லிட்டாரு. பண்டிதர் மூணு வருசம் மலையில இருந்து, ஊத்துல விழுற சருகை அள்ளணும்னு தண்டனையும் குடுத்தாரு.

மொத நாள் அவரு விருந்தாளி, மொத சோறு அவருக்குத்தான். மறுநாளும் விருந்தாளியா? உச்சிப்பொழுதுல வயித்தைப் புடிச்சுக்கிட்டு வந்தாரு. "நஞ்சி, பசிக்குதும்மா."

"அப்படியா சாமி? ஆராயாம குடுத்துட முடியுமா? மொதல்ல மரத்தை எண்ணுங்க. பெறகு தண்ணிய அளங்க. அப்புறம் உங்க பசியை நான் அளக்குறேன்."

அவரு எண்ணிக்கிட்டே இருக்காரு, ஆறு ஓடிக்கிட்டே இருக்கு. காடு காத்தவனுக்குக் கஞ்சி ஊத்தாதவன் ஆத்துல கை நனைக்கக் கூடாது, ஆமா!