களிமேட்டுக் கோயிலுக்கு உடையவர் யார்?

முன்னொரு காலத்தில், கோயில் இல்லாதவன் சபையில் உட்காரக் கூடாது என்று ஒரு நாட்டில் வழக்கம் இருந்தது. ஊர்க்கோயிலுக்கு உடையவன் எவனோ, சுற்றியுள்ள நிலமும் அவனுக்கே. கோயில் கூடக் கூட ஆசனம் அரசன் பக்கம் நகரும். அமைச்சர் விழுப்பரையர் ஊர் ஊராகப் போய், "இது என் பாட்டனார் கட்டியது" என்று சொல்லிச் சொல்லியே முதல் ஆசனத்துக்கு வந்தவர். அவரை யார் எதிர்த்துக் கேட்பது?

ஒருநாள் அரசனுக்குக் கெட்ட கனவு. கோயில் விளக்கு அணைகிறது, கூடவே தன் உயிரும் போகிறது! விடிந்ததும் விடியாததுமாகப் பறை அறைவித்தான்: "எந்தக் கோயிலில் விளக்கு அணைந்தாலும், அதற்கு உடையவன் தலை போகும்!" அன்றிலிருந்து காற்று அடித்தாலே நாடு நடுங்கியது.

அரசவை விகடகவி சாத்தையன், குயவர் ஊரான களிமேட்டில் பிறந்தவன். ஐப்பசி மழையில் அந்த ஊர்க் கோயிலின் கூரை சரிந்து விளக்கு அணைந்துவிட்டது. ஊரார் அழுதுகொண்டே அம்மனைக் கூடையில் வைத்து அவனிடம் கொண்டுவந்தார்கள்.

"எங்க தலையெல்லாம் உன் கையிலதான் இருக்கு, சாத்தையா," என்றாள் அவன் அக்காள்.

சாத்தையன் கூடையோடு சபைக்குள் நுழைந்தான். அவன் வாய் திறப்பதற்குள் விழுப்பரையர் எழுந்தார்.

"அரசே, களிமேட்டுக் கோயிலும் அடியேன் பாட்டனார் கட்டியதே. குயவர்கள் என் நிலத்தில் மண் எடுக்கிறார்கள். அவர்களை வெளியேற்ற உத்தரவாக வேண்டும்."

"நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், பிரபு," என்றான் சாத்தையன்.

"கூரை முதல் குத்துவிளக்கு வரை எல்லாம் என்னுடையது!"

"அப்பாடா! அந்த விளக்கு நேற்று அணைந்துவிட்டது, அரசே. யார் தலை போகுமோ என்று தவித்துக்கொண்டிருந்தேன்."

விழுப்பரையர் முகத்தில் ஈயாடவில்லை. "இல்லை அரசே! பாட்டனார் கட்டியது வேறு ஊரில்! இந்தக் கோயில் குயவர்களுடையது. இதோ, இவனுடையது!"

அரசன் கண் சிவந்தது. காவலன் வாளை உருவிக்கொண்டு சாத்தையன் பக்கம் திரும்பினான். நடுங்கும் கையால் கூடையைத் திறந்தான்.

"நாங்கள் சுவருக்கு மண் பூசியவர்கள், அவ்வளவுதான். கோயிலுக்கு உடையவள் இவள். ஆணைப்படி தலையை எடுத்துக்கொள்ளுங்கள், அரசே."

உள்ளே களிமண்ணில் செய்த அம்மன். அந்தப் பக்கத்து வழக்கப்படி அவளுக்குக் கழுத்தும் இல்லை, உடலும் இல்லை, தலை மட்டும்தான்.

"எந்த இடத்தில் வெட்டுவது என்று மட்டும் காவலருக்குக் காட்டிவிடுங்கள்."

அம்மனின் பெரிய கண்கள் அரசனையே பார்த்தன. அவன் சிம்மாசனத்தை விட்டு இறங்கிக் கும்பிட்டான். அதன் பிறகுதான் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு அடங்கவேயில்லை.

"களிமேட்டு நிலம் அவளுக்கே! அது கிடக்கட்டும், விழுப்பரையரே, உம்முடைய மற்றக் கோயில்களில் விளக்கெல்லாம் எரிகிறதா?"

"எனக்குக் கோயிலே கிடையாது, அரசே!"

"அப்படியானால் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்?"

விழுப்பரையர் எழுந்தார். காலியான முதல் ஆசனத்தில் அம்மனின் கூடை அமர்ந்தது. அரசன் அந்த ஆணையை அப்போதே நீக்கி, சாத்தையனுக்குப் பொற்கிழி நீட்டினான். வாங்கப் போன கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்ததால், பொற்காசுகளெல்லாம் தரையில் சிதறின.