வறட்டாடு போகும் வழி

சேந்தர் மலைக்குத் தலைவர். தலை நரைத்த பிறகே அவர் மலைக்குகையில் வாழ்ந்த வடிவம்மையிடம் மாணவராகச் சேர்ந்தார். அம்மைக்கு அவருடைய மூத்த மகளின் வயதுதான் இருக்கும். ஆயினும் குகை வாசலுக்கு வரும்போதெல்லாம் வில்லை வெளியே சாத்திவிட்டுக் கைகட்டித்தான் நிற்பார்.

அன்றும் அப்படித்தான் நின்றார். முகத்தில் தெளிவில்லை.

“அம்மையே, இந்த ஆண்டு எத்தனை வரையாடுகளை வேட்டையாடலாம்? ஊரே என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.”

“மலையில் எத்தனை இருக்கின்றன?”

“என் இளமையில் மந்தை நகர்ந்தால் பாறையே நகர்வதுபோல் இருக்கும். இப்போது எஞ்சியிருப்பது ஒரே மந்தை. அதுவும் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துவருகிறது.”

“வேட்டையை நிறுத்திவிடுவதுதானே?”

சேந்தர் தயங்கினார். “நிறுத்தினால் என் மகள் நங்கையின் திருமணமும் நிற்கும். மணமகன் தன் கையால் வேட்டையாடிய வரையாட்டின் கொம்பைப் பெண் வீட்டு வாசலில் வைக்க வேண்டும். அப்போதுதான் கதவு திறக்கும். எங்கள் வழக்கம் அது. நாகன் நல்லவன். அவனுக்காகவே அவளும் காத்திருக்கிறாள்.”

“எந்த ஆட்டை வேண்டுமானாலும் எய்யலாமா?”

“அதெப்படி?” அவர் குரலில் சற்றே பெருமிதம் ஏறியது. “அதற்கு நானே விதி வகுத்திருக்கிறேன். கிடாவைத் தொடக்கூடாது. சினையாட்டைத் தொடக்கூடாது. குட்டியோடு திரிவதைத் திரும்பிப் பார்க்கவும் கூடாது. வறட்டாட்டை மட்டுமே எய்யலாம். இனி ஈனப்போவதில்லை என்று ஆகிவிட்ட கிழட்டு ஆடு போனால் மந்தைக்கு என்ன இழப்பு? இவ்வளவு கண்டிப்பாக இருந்தும் ஏன் குறைகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.”

அம்மை அவரிடம் சொற்களைப் பிரிக்கச் சொல்வது வழக்கம்.

“வறட்டாடு. பிரித்துச் சொல்லும்.”

“வறடு, ஆடு. டகரம் இரட்டித்திருக்கிறது.”

“பொருள்?”

“வற்றிப்போன ஆடு.”

“நன்றாகப் பிரித்தீர். சேந்தரே, உமக்குக் கடைசிப் பிள்ளை பிறந்து எவ்வளவு காலமாயிற்று?”

சேந்தரின் காது மடல்கள் சிவந்தன. “நங்கைதான் கடைசி. எதற்காக அம்மையே, இந்த வயதில் போய்…”

“ஒன்றுமில்லை. நாகனையும் கூட்டிக்கொள்ளும். மந்தையைப் பார்த்துவிட்டு வருவோம்.”

கோடை முற்றியிருந்தது. உச்சிப் புல்வெளி துரும்பாகக் காய்ந்து கிடந்தது. ஏறும் வழியில் ஒரு பாறையடியில், உலர்ந்த தோல் போர்த்திய வரையாட்டுக் குட்டியின் எலும்புக்கூடு ஒன்று கிடந்தது.

“சிறுத்தையின் வேலை” என்றான் நாகன்.

“உன் சிறுத்தை விரதமிருக்கிறதா? கொன்றதைத் தின்னாமல் போயிருக்கிறதே” என்றார் அம்மை.

நாகன் குனிந்து பார்த்தான். எலும்பில் பல் பட்ட தடம் இல்லை.

புதர் மறைவில் மூவரும் அமர்ந்தார்கள். எதிரே செங்குத்தான பாறை. அதன் அடியில் ஒரு பள்ளம். மழைக்காலத்தில் நீர் தேங்கும் பள்ளம் அது. இப்போது மந்தை அதைச் சுற்றி நின்று வெறுங்கல்லை நக்கிக்கொண்டிருந்தது. ஒரு குட்டி கால் மடங்கி விழுந்தது. தாய் அதை முகத்தால் முட்டி எழுப்பியது. அது எழுந்தது, மீண்டும் விழுந்தது.

அப்போது மந்தையின் பின்னாலிருந்து ஓர் ஆடு நொண்டிக்கொண்டு வந்தது. முதுகெலும்பு துருத்தியிருந்தது. ஒரு கொம்பு பாதியில் முறிந்திருந்தது.

“மாமா!” நாகன் கிசுகிசுத்தான். “வறட்டாடு. நீங்கள் சொன்ன இலக்கணம் அத்தனையும் பொருந்துகிறது. ஒரு கொம்பாவது முழுதாக இருக்கிறதே, அது போதும்.” அம்பைத் தொடுத்து நாணை இழுத்தான். “எய்யட்டுமா?”

விதி இடம் கொடுத்தது. சேந்தர் வாயைத் திறந்தார். திறந்தவர் அம்மையைப் பார்த்தார். அம்மை வில்லைப் பார்க்கவில்லை, ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிழட்டு ஆடு பள்ளத்தை ஏறிட்டும் பார்க்காமல் பாறைக்கு முன் போய் நின்றது. முகர்ந்தது. பிறகு வெறும் பாறைமேல் கால் வைத்தது. அங்கே கால் வைக்க ஓர் இடம் இருப்பது, அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த சேந்தருக்கு அதுவரை தெரியாது. ஆடு இன்னோர் அடி வைத்தது. மந்தை வரிசையாகப் பின்தொடர்ந்தது. விழுந்து கிடந்த குட்டியும் தடுமாறி எழுந்து தாயின் பின்னால் ஏறியது. ஒவ்வொன்றாகப் பாறை வளைவில் மறைந்தன.

சேந்தரின் கை நாகனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

நெடுநேரம் கழித்து மந்தை திரும்பி வந்தது. குட்டிகளின் தாடையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“தென்சரிவிலும் ஒரு மந்தை இருந்தது” என்றார் சேந்தர். யாரும் அவரைக் கேட்கவில்லை. “அதில் இருந்த கிழட்டு ஆட்டை எய்தோம். விதிப்படிதான் எய்தோம். அடுத்த கோடையில் அங்கே ஒன்றுகூட இல்லை. வேறு மலைக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.”

அம்மை தம் சுரைக்குடுக்கையை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கினார். குடிக்கவில்லை.

நாகன் நாணைத் தளர்த்தி அம்பைக் கூட்டில் செருகினான். “கொம்பில்லாமல் நான் நங்கையின் வாசலில் எப்படி நிற்பேன், மாமா?”

“வெறுங்கையோடு நில்.”

“கதவு?”

“திறக்க வேண்டியவன் யார்?”

“நீங்கள்தான்.”

“பிறகென்ன?”

“ஊர் சும்மா இருக்குமா? வெறுங்கை மாப்பிள்ளை என்று பாட்டே கட்டிவிடுவார்கள்.”

“கட்டட்டும். வறட்டாட்டுக்கு விதி வகுத்த கிழவன் என்று என் பேரிலும் ஓர் அடி சேர்க்கச் சொல்.”

நாகன் அவர் முகத்தைப் பார்த்தான். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதி சிரித்தான்.

இறங்கத் தொடங்கியபோது மஞ்சு கவிந்துவிட்டது. முன்னால் இருந்த மரம் மறைந்தது, பாதை மறைந்தது, நாகனுக்குத் தன் காலே தெரியவில்லை. சேந்தர் முன்னே சென்றார். காலால் கல்லைத் தடவிப் பார்த்து அடி வைத்தார். மற்ற இருவரும் அவர் காலடி ஓசையைப் பற்றிக்கொண்டு நடந்தார்கள்.

நாகன் குரலைத் தாழ்த்தினான். “அம்மையே, மாமாவுக்கு வழி தெரியுமா? கண்பார்வைகூட அவருக்கு முன்போல் இல்லை.”

“தெரியும்” என்றார் அம்மை. “அவருக்குக் கடைசிப் பிள்ளை பிறந்து வெகுகாலமாயிற்று.”